இரண்டு பேர், ஒரு கோஷ்டி

1986 ஜனவரியில் பிரித்தானியப் பாடல் வரிசையில் முதலிடத்தில் இருந்தது பெட் ஷாப் பாய்ஸின் ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’. வியாழக்கிழமை மாலைகளில் பிபிசியில் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ வரும். லண்டன் ஈஸ்ட்ஹாமில் பொடியன்கள் நிறையப் பேராக வாடகைக்கு இருந்த வீட்டில், இரவு வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிட்டபடியே அதைப் பார்ப்போம். நீண்ட கோட்டு அணிந்த ஒருவர் பாடினார். தொப்பி போட்ட இன்னொருவர் கீபோர்டுக்கு முன்னால் நின்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை, உடம்பில் ஆட்டமில்லை. மேடையில் ட்ரம்ஸும் இல்லை, கிற்றாரும் இல்லை.

என் பெரியப்பா மகன் ஊரில் ஒரு கோஷ்டியில் ட்ரம்ஸ் அடித்தவர். கோயில் திருவிழா இரவுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் மேடை நிறைய இருப்பார்கள்: அக்கோர்டியன், கிற்றார், பொங்கோஸ், தபேலா, ஷேக்கர் ஆட்டுவதற்கென்றே ஒரு தம்பி. அப்படி வாசித்தவர் சோற்றுக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“உதையும் கோஷ்டி எண்டு சொல்லுறாங்களோ? மிச்ச ஆக்கள் எங்கை?”

“மிச்ச ஆக்கள் இல்லை அண்ணை. ரெண்டு பேர்தான்.”

“அப்ப ட்ரம்ஸ் ஆர் அடிக்கிறது?”

“மெஷின்.”

அண்ணை அதற்குமேல் பேசவில்லை. இலங்கையில் நடந்த சண்டை அவரிடமிருந்து ஊரைப் பறித்திருந்தது. லண்டனில் அவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தார். தான் செய்த வேலையை ஒரு பெட்டி செய்கிறது என்று கேட்கும்போது அவருக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை நான் இன்றும் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கலக்கம் வெள்ளைக்காரனுக்கும் இருந்தது. பாடகர் பாரி மனிலோவின் சுற்றுப்பயணத்தில் வாத்தியக்காரர்களின் இடத்தில் சின்தசைசர் வந்து நின்றபோது, இசைக்கலைஞர் தொழிற்சங்கத்தின் மத்திய லண்டன் கிளை 1982இல் சின்தசைசரையும் ட்ரம் மெஷினையும் தடைசெய்யச் சொல்லித் தீர்மானமே போட்டது. சங்கம் முழுவதும் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்தின் பின்னால் இருந்தது பிழைப்பைப் பற்றிய பயம். அதற்குப் பதில் சொல்லாமல் ‘காலம் மாறுகிறது’ என்று தட்டிக்கழிப்பது நியாயமில்லை.

நான் அப்போது மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று கொஞ்சம் தெரியும். அண்ணைக்கு நான் சொன்னது இதுதான்: பெட்டி தானாக ஒரு அடியும் அடிக்காது. யாரோ உட்கார்ந்து ஒவ்வோர் அடியையும் தீர்மானித்திருக்கிறார்கள். பெட் ஷாப் பாய்ஸின் நீல் டெனன்டும் கிறிஸ் லோவும் 1981இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு மின்சாமான் கடையில் தற்செயலாகச் சந்தித்தவர்கள். ஒருவர் புத்தகப் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர், மற்றவர் கட்டடக்கலை மாணவர். பேச்சு சின்தசைசரில் தொடங்கிப் பாட்டில் முடிந்தது. 1988இல் பிரிட் விருதுக்காரர்கள் அந்த இரண்டு பேருக்கும் ‘சிறந்த பிரித்தானியக் குழு’ என்ற பரிசைக் கொடுத்தார்கள். அண்ணையிடம் சொன்னேன். “பரிசு குடுக்கிறவைக்கு எண்ணத் தெரியாது போல” என்றார்.

எண்ணிக்கையை வைத்துக்கொண்டு வாதாடினால் இந்த வழக்கு முடியவே முடியாது. 1978 அக்டோபரில் லிவர்பூலின் எரிக்ஸ் கிளப்பில் ஆண்டி மக்லஸ்கியும் பால் ஹம்ப்ரீஸும் முதன்முதலாக ‘ஆர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் த டார்க்’ என்ற பெயரில் மேடையேறினார்கள். கூடவே ஒரு டேப் ரெக்கார்டர். அதற்கு வின்ஸ்டன் என்று பெயரும் வைத்திருந்தார்கள். தாளமும் பின்னணியும் வின்ஸ்டன் வேலை. அப்படியானால் அங்கே இருந்தது இரண்டு பேரா, மூன்று பேரா? எனக்குச் சந்தேகமில்லை, இரண்டு பேர். மக்லஸ்கி பாட்டை மெதுவாக எடுக்க நினைத்தாலும் வின்ஸ்டன் அதே வேகத்தில்தான் சுற்றும். நன்றாக இல்லை, இதை விடு என்று அது ஒருநாளும் சொல்லப்போவதில்லை.

நம் கச்சேரி மேடையிலும் இதே கதைதான். முன்பெல்லாம் பாடகருக்குப் பின்னால் ஒருவர் தம்பூராவை மடியில் வைத்து மீட்டிக்கொண்டிருப்பார். எழுபதுகளின் கடைசியில் பெங்களூரில் மின்னணுத் தம்பூரா பிறந்தது. இப்போது பல மேடைகளில் அந்த ஆள் இருந்த இடத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதனால் கச்சேரி கச்சேரியாக இல்லாமல் போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. பாடுகிறவரும் வயலினும் மிருதங்கமும் ஒருவரை ஒருவர் கேட்டு, மடக்கி, விட்டுக்கொடுத்துப் போகிறார்கள். கச்சேரியின் உயிர் அங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் லண்டன் மண்டபம் ஒன்றில் ஆர்பிடலைப் பார்த்தேன். ஃபில் ஹார்ட்னால், பால் ஹார்ட்னால். செவனோக்ஸைச் சேர்ந்த அண்ணன் தம்பி. லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையிலிருந்து பெயரை எடுத்தவர்கள். இருட்டில் இருவர் தலையிலும் மூக்குக்கண்ணாடியில் பொருத்திய சின்ன டார்ச்சுகள் மட்டும் தெரியும். கூட்டத்தை இடித்துக்கொண்டு பக்கவாட்டில் மேடையோரம் வரை போய்விட்டேன். மேசையில் அலெசிஸ் எம்எம்டி-8 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் எட்டுத் தடங்களுக்கு எட்டுப் பொத்தான்கள். பொத்தானை அழுத்தினால் அந்தத் தடம் ஒலிக்கும், மறுபடி அழுத்தினால் அடங்கும். பேஸ் ஒரு பொத்தானில், கைதட்டல் ஒலி இன்னொன்றில், மணிபோல் விழும் மெட்டு வேறொன்றில்.

டார்ச் வெளிச்சம் எந்தப் பெட்டியில் விழுகிறதோ அதிலேதான் அடுத்து ஏதோ நடக்கப்போகிறது என்று கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. ஒருவர் பேஸை நிறுத்தினார். மற்றவர் உடனே தாளத்தைக் கூட்டவில்லை. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். அவருடைய வெளிச்சம் எங்கள் முகங்களில் ஒருமுறை ஓடியது. எட்டு அட்சரம் போயிற்று. இன்னும் எட்டு. தம்பியின் கை பேஸ் பொத்தானுக்கு மேலே போனது. அண்ணன் தலையை இலேசாக அசைத்தார், இப்போது வேண்டாம் என்று. கை நின்றது. பிறகு இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள். மண்டபம் எழும்பியது. எந்தப் பெட்டியும் அந்தத் தலையசைப்பைச் செய்திருக்காது. அந்த இரவில் நான் கேட்ட பாட்டின் நீளம் வேறெந்த இரவிலும் அதே நீளமாக இருந்திருக்காது.

குழு என்றால் எனக்கு அதுதான். ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய இன்னோர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், அந்த ‘வேண்டாம்’ செல்லுபடியாக வேண்டும். ஒருவர் முதலாளி, மற்ற ஒன்பது பேர் சம்பளத்துக்கு வாசிக்கிறவர்கள் என்றால் அது பத்துப் பேர் நிற்கும் தனிக்கச்சேரி. அண்ணன் தம்பி மேசை என்றால் அங்கே சண்டையும் வரும். ஆர்பிடல் 2004இல் கலைந்தது, 2009இல் சேர்ந்தது, 2014இல் மறுபடி கலைந்தது, 2017இல் மறுபடி சேர்ந்தது. குழுக்கள் அப்படித்தான் கலையும், அப்படித்தான் சேரும்.

ஒருவர் போனால் என்ன ஆகிறது என்பதிலும் இது தெரியும். டஃப்ட் பங்க் பாரிஸ்காரர்கள், பள்ளித் தோழர்கள். முதலில் இன்னொரு நண்பரோடு மூன்று பேராகக் கிற்றார் குழு வைத்திருந்தவர்கள். பிறகு இரண்டு பேராகி, தலைக்கவசம் போட்டு, எந்திர மனிதர்களாக உலகம் சுற்றினார்கள். 2021 பிப்ரவரியில் ஒரு காணொளியோடு முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பின் அந்தப் பெயரில் இருவரில் எவரும் தனியாக மேடையேறவில்லை. இன்னொரு பக்கம் ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க். 1970இல் டுசல்டார்ஃபில் ரால்ஃப் ஹூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் தொடங்கியது. இந்த வகை இசைக்கே வேர் அவர்கள். ஷ்னைடர் 2008இல் விலகினார், 2020இல் இறந்தார். ஹூட்டரோடு சேர்த்து இப்போதும் மேடையில் நான்கு பேர் நிற்கிறார்கள், ஒலியும் துல்லியமாக இருக்கிறது. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் 1973இல் ‘ரால்ஃப் உண்ட் ஃப்ளோரியன்’ என்று தங்கள் பெயர்களையே போட்டு இசைத்தட்டு வெளியிட்ட அந்த இரண்டு பேர்தான் என் மனதில் குழு.

இப்போதைய நிலைமையைப் பாருங்கள். நான்கு பேர் கிற்றாரும் ட்ரம்ஸுமாக நிற்கிற பல மேடைகளில் ட்ரம்ஸ்காரரின் பக்கத்தில் ஒரு லேப்டாப். பாட்டு தொடங்குமுன் அவர்தான் பொத்தானை அழுத்துகிறார். எல்லோர் காதிலும் ‘க்ளிக் க்ளிக்’ என்று ஒரே சீரான தாளம் ஓடுகிறது. பின்னணிக் குரலும் வயலின் கூட்டமும் அதற்குள்ளிருந்து வருகின்றன. கூட்டம் எழும்பினாலும் பாட்டை இழுக்க முடியாது, சோர்ந்தாலும் குறைக்க முடியாது. லண்டனில் நம்மவர் கல்யாண மண்டபங்களில் இன்னும் சுலபம்: பாடகர் தொலைபேசியிலிருந்து கரோக்கி ஓடுகிறது, விளம்பரத்தில் ‘இன்னிசைக் குழு’ என்றிருக்கிறது. ஆனால் இரண்டு பேர் வந்தால் மட்டும் நாம் விரல்விட்டு எண்ணுகிறோம்.

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்கம் கலைவிழாவில் இசைக்குழுப் போட்டி வைக்கிறது. விதி: குறைந்தது நான்கு பேர். என் மகளும் அவள் தோழியும் இரண்டு பேராக விண்ணப்பித்தார்கள். குழுவாகச் சேர்ப்பதா, டிஜே பட்டியலில் போடுவதா என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தது. டிஜே என்றால் இடைவேளையில் ஒரு மூலை. குழு என்றால் மேடை. சொந்த மகள் என்பதால் நான் வாக்களிப்பிலிருந்து விலகிக்கொண்டேன். தலைவர் அண்ணைதான். “பிள்ளையள் பழகேக்கை நான் ஒருக்கா வந்து பாக்கிறன்” என்றார்.

வந்தார். எங்கள் வீட்டு முன்னறையில் லேப்டாப், சதுரப் பொத்தான்கள் நிறைந்த ஒரு பலகை, பழைய சின்தசைசர் ஒன்று. மகள் பறையின் அடிகளை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து பொத்தான்களில் ஏற்றி வைத்திருந்தாள். தோழி பாடுகிறவள். இரண்டாம் சரணத்தில் பறை விழுந்ததும் தோழி பாட்டை நிறுத்திவிட்டாள்.

“மூச்செடுக்க இடமில்லையடி. இந்த இடத்திலை பறை வேண்டாம்.”

“பறை இல்லாட்டி அந்த இடம் செத்துப்போகும்.”

“செத்தாப் பரவாயில்லை. நாலு அட்சரம் சாகட்டும்.”

விவாதம் வளர்ந்தது. கடைசியில் பறை நான்கு அட்சரம் பிந்தி வந்தது, அதுவும் பாதி அளவில். அண்ணை கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“இதிலை கடைசிச் சொல்லு ஆற்றை?”

“அப்பிடி ஒண்டும் இல்லை பெரியப்பா. ரெண்டு பேரும் ஓம் எண்டாத்தான் வைப்பம்.”

அவர் மறுபடி வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டினார். பேஸ் ட்ரம் ஒரு மயிரிழை முந்தி விழுகிறது என்றார். மகள் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முந்தித்தான் விழுந்திருந்தது. அவள் அதைத் தள்ளி வைத்தாள். தோழி கேட்டுவிட்டு, “இல்லை, முதல் இருந்ததுதான் நல்லம், அது துரத்துற மாதிரி இருந்தது” என்றாள். அண்ணை அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. “அப்ப உன்ரை இஷ்டம்” என்று மகளிடம் கையைக் காட்டினார். மகள் பழைய இடத்திலேயே விட்டாள்.

அடுத்த கூட்டத்தில் அண்ணை பேசியது சுருக்கம். “எனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கேல்லை. சத்தம் கூட. ஆனா அது கோஷ்டி.” நான்கு பேர் என்ற விதியை எழுதியவர் எதிர்த்தார், பெரும்பான்மை அண்ணையோடு நின்றது. மற்றக் குழுக்களைப் போலவே இவர்களுக்கும் ஒலி சரிபார்க்கத் தனி நேரம் தர வேண்டும் என்று அண்ணை நிகழ்ச்சி நிரலில் எழுதினார். தாள் வீட்டுக்கு வந்தபோது மேடைத் தேவைகள் என்ற இடத்தில் மகள் ‘ஆடாத மேசை ஒன்று’ என்று நிரப்பினாள். தோழி அதை வெட்டிவிட்டு ‘இரண்டு’ என்று எழுதினாள்.