கெணத்தைத் தூத்துனவன்

என்னலே மருமவனே, மூஞ்சி உம்முன்னு கெடக்கு? கார்டு ரீடர் தெரியலைன்னு லினக்ஸை அழிச்சு மூணாவது தடவையா மறுபடி போட்டியாமே. நல்ல காரியம். பம்புசெட்டு ஓடலைன்னா கெணத்தைத் தூத்துட்டு வேற கெணறு வெட்டுத ஆளுல்லா நீ!

நான் நாப்பது வருசம் மோட்டாருக்குக் காயில் கட்டுனவன். உன் தம்பிக்குக் கவர்மெண்டு குடுத்த லேப்டாப்புல பாஸ் லினக்ஸ் இருந்துது, நீங்க ஒருத்தனும் தொறக்கல. பொழுது போகாம நான் தொறந்தேன். அந்த உரிமையில சொல்லுதேன்.

மொதல்ல டெர்மினல்ல ‘சூடோ டிமெசேஜ் -டபிள்யூ’ன்னு அடிச்சுட்டு, பொறவு ரீடரைச் சொருகு. கெர்னல் திண்ணைக் கெழவி மாதிரி, யாரு வந்தா யாரு போனான்னு ஒண்ணு விடாம ஒப்பிக்கும். என்ன சொல்லுது? எர்ரர் -71ஆ? பேச்சு பாதியிலேயே சிதறுதுன்னு அர்த்தம், பெரும்பாலும் வயருதான். -110ன்னா கூப்பிட்டுப் பாத்தும் பதிலே வரலைன்னு. ரெண்டுக்கும் மொத மருந்து ஒண்ணுதான்: அந்த ஹப்பைக் கழட்டு. யூஎஸ்பி 2.0 ஓட்டை ஒண்ணுக்கு 500 மில்லிஆம்ப்தான் கணக்கு. நீ அதுல மவுசு, வெளக்கு, குட்டிக் காத்தாடின்னு கோயில் கொடைக்கே சீரியல் லைட்டு கட்டிட்டு, ரீடர் எந்திரிக்கலங்கே.

நேரா லேப்டாப்புல சொருகு. ‘எல்எஸ்பிஎல்கே -ஏ’ அடி. ஆங், எஸ்டிபின்னு ரீடர் வந்துட்டு. பக்கத்துல அளவு 0பி! மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நிக்கி, உள்ள மாப்பிள்ளையைக் காணோம். கார்டை எடு இங்க. இந்தப் பித்தாளைப் பல்லுல என்னலே பிசுக்கு, அல்வாவா? அழிரப்பரால லேசாத் தேயி. லேசான்னேன், அம்மியா கொத்துத? தூசியத் தட்டிட்டுச் சொருகு.

பாத்தியா, 59.5ஜி. 64ன்னு வாங்குனேனே, மிச்சத்தைக் கடைக்காரன் தின்னுட்டானான்னு சண்டைக்குப் போயிராத. அவன் ஆயிரம் ஆயிரமா அளக்கான், இது 1024ஆ அளக்கு.

அளவு தெரிஞ்சதுக்காகக் கார்டு பொழைச்சுட்டுன்னு நெனைக்காத. இப்போ அதை வெளிய எடுத்து, ஓரத்துல இருக்க நாதாங்கியைக் கீழ தள்ளிப் பூட்டு. ஆமா, பூட்டத்தான் சொல்லுதேன். எழுத முடியலையேன்னு அதைத் தொறக்க ஊரே அலையும், நமக்கு இன்னைக்கு யாரும் எழுதாம இருந்தாப் போதும். அதுக்காக அதையே முழுசா நம்பிராத, சில ரீடருக பூட்டை மதிக்காது. இழுத்துக்கிட்டுக் கெடக்க கார்டுல எஃப்எஸ்சிகே ஓட்டி ரிப்பேர் பாக்குததும் வேண்டாம். டிடிரெஸ்கியூ வச்சு மொத்தத்தையும் அப்படியே ஒரு ஃபைலா எடு. உங்க அக்கா கல்யாணப் போட்டோ அதுலதான இருக்கு? வைத்தியமெல்லாம் அந்த நகல்ல.

பொறவு பூட்டைத் தொறந்து கார்டை ஃபார்மெட் பண்ணும்போது எஸ்டிபிக்குப் பதிலா எஸ்டிஏன்னு அடிச்சுராத, அது உன் லேப்டாப்போட வட்டு. அடிச்சாலும் என்ன, லினக்ஸ் போடத்தான் உனக்குக் கைப்பழக்கம் இருக்கே.