பேரைக் கேட்க மாட்டார்கள்

கேள்வி: குடியை விட ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடாதா?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: டாஸ்மாக் வாசலில் பார்க்காதவரா இங்கே வந்து பார்க்கப் போகிறார்? பார்த்தாலும், அநேகமாக அவரும் அதே வேலையாகத்தான் வந்திருப்பார்.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு சர்ஜனும் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த அமைப்பு இது. இருவருமே மொடாக்குடியர்கள். இன்றும் அதே வைத்தியம்தான். ஒருவர் 'நான் குடிநோயாளி' என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். அட்வைஸ் கிடையாது. (நம் ஊரில் இதுவே பெரிய அதிசயம்!) முழுப்பெயர், முகவரி கேட்க மாட்டார்கள். கட்டணமும் இல்லை, உண்டியல் சுற்றி வரும், விரும்பினால் போடலாம். தமிழிலேயே பேசும் குழுக்கள் உண்டு. பெரும்பாலும் சர்ச் அல்லது பள்ளிக்கூட அறையில் கூடுவார்கள். வீட்டம்மாவுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம்.

தினமும் குடிப்பவரானால் முதலில் டாக்டரைப் பாருங்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

முதல் கூட்டம் பிடிக்கவில்லையா? வேறு இடம் பாருங்கள். ஒரு கடையில் சரக்கு சரியில்லை என்று குடியையா விட்டீர்கள்?