சாப்பாட்டு நேரத்தில் அரசியல் எதற்கு?

1933 ஜனவரி 30. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழக ஊர். பேராசிரியர் விக்டர் ராத்துக்கு அன்றைக்கு அறுபது வயது நிறைகிறது. காலையில் வகுப்பறை முழுக்கக் கைதட்டல், மாணவர்கள் கொடுத்த சிலை. இரவு வீட்டில் விருந்து. பணிப்பெண் ஓடி வருகிறாள்: ஹிட்லர் சான்சலர் ஆகிவிட்டாராம், ரேடியோவில் சொல்கிறார்கள்! மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த இரண்டு பையன்களும், மகளுக்கு நிச்சயமான மாப்பிள்ளையும் ரேடியோவிடம் பாய்கிறார்கள். பேராசிரியரும் மனைவியும் மகளும், மார்ட்டின் என்ற குடியானவ நண்பனும் முகம் வெளிறி உட்கார்ந்திருக்கிறார்கள். கேக் வெட்டும் நேரத்துக்குள் வீடு இரண்டாகிவிட்டது.

ஃபிராங்க் போர்சேகி இயக்கி 1940-ல் வந்த 'தி மார்ட்டல் ஸ்டார்ம்' இப்படித்தான் தொடங்குகிறது. ஃபிலிஸ் பாட்டம் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதிய நாவல்; எடுத்தது ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம்.

அந்தப் பையன்களைக் கவனியுங்கள். பொறுக்கிகள் அல்ல. சபை மரியாதை தெரிந்த, படித்த, தலை வாரிய பிள்ளைகள். வளர்ப்புத் தந்தையை வாய் நிறைய அப்பா என்று கூப்பிட்டவர்கள். அவர்கள் யாரையும் வீட்டை விட்டு விரட்டவில்லை. தாங்களே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். யூதரான பேராசிரியர் வீட்டில் குடியிருந்தால் கட்சியில் மேலே வர முடியாதல்லவா? வளர்த்த கடனா, பதவி உயர்வா என்று வந்தால் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதில் படத்துக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. அடியாள்தான் பாசிசம் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் படம் பிடிக்காது. அடியாளுக்கு வேலை பிற்பாடுதான் வருகிறது. முதலில் வருவது இஸ்திரி போட்ட சட்டை.

வகுப்பறைக் காட்சி இன்னும் மோசம். ஆரிய ரத்தத்துக்கும் மற்ற ரத்தத்துக்கும் சோதனையில் ஒரு வித்தியாசமும் தெரியாது என்கிறார் பேராசிரியர். அறிவியல் சொல்லிக் கொடுக்கிறவர் வேறு என்ன சொல்வார்? சில வாரங்களுக்கு முன்னால் சிலை கொடுத்த அதே கைகள் இப்போது வகுப்பைப் புறக்கணிக்கின்றன. உடன் வேலை பார்த்தவர்கள்? அவர்களுக்கும் குடும்பம் குட்டி இருக்கிறது, பாவம்.

சினிமாதானே, மிகையாக எடுத்திருப்பார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். நிஜம் இதைவிட மட்டம். 1933 ஏப்ரல் 7-ல் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃபிராங்க், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். முதல் உலகப் போரில் போர்முனையில் நின்றவர் என்பதால் அவருக்கு விலக்கு உண்டு. பேசாமல் இருந்திருந்தால் சம்பளம் வந்துகொண்டிருக்கும். அவர் ராஜினாமா செய்தார், காரணத்தையும் பகிரங்கமாகச் சொன்னார். உடனே அதே பல்கலைக்கழகத்தில் 42 பேர் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். சட்டத்தைக் கண்டித்து அல்ல, ஃபிராங்கைக் கண்டித்து! அவர் ராஜினாமா செய்தது நாட்டுக்குச் செய்த நாசவேலையாம், வெளிநாட்டுக்காரன் வாய்க்கு அவல் கொடுக்கிற வேலையாம். கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய கையெழுத்து இல்லை இது. மை தொட்டு, நிதானமாக, பட்டங்களோடு போட்டது.

அடுத்த மாதம் 10-ஆம் தேதி பெர்லினில் புத்தகங்களைக் கொளுத்தியவர்களும் படிக்காத முரடர்கள் இல்லை. மாணவர் சங்கம் திட்டம் போட்டு, பட்டியல் போட்டு, நாள் குறித்துச் செய்த காரியம். எரிக் கெஸ்ட்னர் என்ற எழுத்தாளர் தன் புத்தகங்கள் எரிவதைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தார். நூலகத்தில் இரவல் வாங்கத் தெரிந்தவர்களுக்குத்தான் எதை எரிப்பது என்றும் தெரிந்திருக்கிறது.

இத்தனையும் காட்டிய எம்.ஜி.எம்.மைத் தலையில் தூக்கிவைத்து ஆடலாமா? ஆடுவதற்கு முன்னால் கல்லாப்பெட்டியைப் பார்க்க வேண்டும்.

1930 டிசம்பரில் யுனிவர்சல் நிறுவனத்தின் போர் எதிர்ப்புப் படம் ஒன்று பெர்லினில் திரையிடப்பட்டபோது நாஜித் தலைவர் கெபல்ஸின் ஆட்கள் தியேட்டருக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டார்கள். அரசு எலிகளின் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. படத்தைத் தடை செய்தது. ஹாலிவுட் பாடம் படித்துக்கொண்டது. வார்னர் 1934-ல் ஜெர்மனியில் கடையைக் கட்டியது, எம்.ஜி.எம். கட்டவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் உட்கார்ந்திருந்த ஜெர்மன் தூதரக அதிகாரி கியோர்க் கிஸ்லிங் ஒரு கடிதம் போட்டால் ஸ்டூடியோக்களுக்கு வியர்த்தது. அமெரிக்காவிலேயே சர்வாதிகாரம் வந்தால் எப்படியிருக்கும் என்று சின்க்ளேர் லூயிஸ் எழுதிய 'இட் கான்ட் ஹேப்பன் ஹியர்' நாவலை விலைக்கு வாங்கிய எம்.ஜி.எம்., 1936-ல் அதைப் படமாக்காமல் கைவிட்டது. அதன் தலைவர் லூயி பி. மேயர் ரஷ்யப் பேரரசிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே 1940-ல், ஐரோப்பாவில் போர் மூண்ட பிறகு எடுத்த இந்தப் படத்திலும் ஒரு கூச்சம். பேராசிரியர் யூதர் என்று எவரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. 'ஆரியரல்லாதவர்' என்று சுற்றி வளைக்கிறார்கள். பிறகு அவரை அடைக்கும் வதைமுகாமில் அவர் சட்டைக் கையில் 'ஜே' என்ற எழுத்தை மட்டும் காட்டுகிறார்கள். ஆளைக் கொல்லலாம், அவர் யார் என்று மட்டும் சொல்லக்கூடாது. அந்த வேடத்தில் ஃபிராங்க் மார்கன். முந்தைய வருடம் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் திரைக்குப் பின்னால் நின்று மந்திரவாதி வேஷம் கட்டியவர். அற்புதமான நடிகர், எழுதிக் கொடுக்காத சொல்லை அவர் எங்கே போய்ப் பேசுவார்?

இவ்வளவு பதுங்கியும் பலனில்லை. ஜெர்மனி எம்.ஜி.எம். படங்களைத் தடை செய்தது. ஏழு வருடம் வாயைப் பொத்தி வாங்கிய மரியாதை அவ்வளவுதான்.

1941 செப்டம்பரில் அமெரிக்க செனட் ஒரு விசாரணை வைத்தது. ஹிட்லர் மேலா? சேச்சே. நாஜிகளுக்கு எதிராகப் படமெடுத்து மக்களைப் போருக்குத் தூண்டுவதாக ஹாலிவுட் மேல். செனட்டர் ஜெரால்ட் நை அதில் முதல் சாட்சி. தான் குற்றம் சாட்டிய படங்களில் பலவற்றைப் பார்த்ததே இல்லை என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பார்க்காமலே புண்படத் தெரிந்த மனம் எல்லா நாட்டு சபைகளிலும் இருக்கும் போலிருக்கிறது.

அந்த வருடக் கடைசியில் எம்.ஜி.எம்.மில் வில்லியம் வைலர் 'மிஸஸ் மினிவர்' எடுத்துக்கொண்டிருந்தார். படத்தில் ஒரே ஒரு ஜெர்மன் விமானி. அவனைக் கொடூரமாகக் காட்டாதே, நாம் யார் மேலும் வெறுப்பைக் கிளப்புகிறவர்கள் இல்லை என்று மேயர் தடுத்ததாக வைலர் பிற்காலத்தில் சொன்னார். லண்டனில் குண்டு விழுந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. டிசம்பர் 7-ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. நான்கு நாளில் ஜெர்மனியும் போர் அறிவித்தது. செனட் விசாரணை சத்தமில்லாமல் மூட்டை கட்டியது. மேயரும் வைலரைக் கூப்பிட்டு, உன் இஷ்டப்படியே எடுத்துக்கொள் என்றாராம்.

படத்துக்கு ஆறு ஆஸ்கர்.