தே ஓவும் வகைப்பிழையும்: செர்காம் ஒட்டுக்கடை குறித்த ஓர் ஆய்வு

செர்காம் கடற்கரைக்கு ஊர் உலகமெல்லாம் சுட்ட மீனுக்காக வருகிறது. இவ்வாய்வு மீனைத் தொடாது (ஆய்வாளர் தொட்டார், அது வேறு கணக்கு). ஆர்டர் எடுக்கும் அண்ணன், தண்ணீர் கொதிக்கும் முன்பே பிழையைப் பிடிக்கும் விதமே இங்கு ஆய்வுப்பொருள்.

"அண்ணே, தே தாரிக் ஒன்னு. சீனி இருக்கவே கூடாது."

"கட்டிப்பாலிலேயே சீனி இருக்குல்ல? தே சி கோசோங் போடவா?"

கவனிக்க: அடுப்பில் இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு கரண்டிப் பால்கூட வீணாகவில்லை. நிரலை ஓட்டாமல், எழுதியதை மட்டும் படித்துக் குற்றம் கண்டுபிடிக்கும் இந்த வேலைக்குத்தான் கணினிக்காரர்கள் நிலைப் பகுப்பாய்வு என்று கனமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பழைய சி மொழிக் கம்பைலருக்கு அண்ணனின் சாமர்த்தியம் கிடையாது. எண் கேட்கும் ஃபங்ஷனுக்குச் சொல்லை அனுப்பினாலும் "சரி பாஸ்" என்று வாங்கிக்கொள்ளும்; ஓடும்போது குப்புற விழும். அதைத் தடுக்கவே பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1978-இல் 'லின்ட்' எழுதினார். உள்ளீட்டின் வகையைக் கம்பைலரே சரிபார்க்க வழிசெய்த சி தரநிலை 1989-இல்தான் வந்தது. பைத்தானுக்கு 2015-இல் வகைக்குறிப்பு கிடைத்தது. ஆனால் பைத்தான் அதைப் பார்த்துக் கேள்வி கேட்காது, 'மைபை' போன்ற கருவியைத் தனியே கூப்பிட வேண்டும். கூப்பிடாதவர்களே அதிகம் என்பது ஆய்வாளரின் சந்தேகம்.

இனி அண்ணனும் சறுக்கும் இடம். "அஞ்சு, தே ஓ, ரெண்டு" என்று உள்ளே குரல் கொடுக்கிறார். ஐந்தாம் மேசைக்கு இரண்டு கப் என்பது பொருள். இரண்டாம் மேசைக்கு ஐந்து கப் போய்ச் சேர்கிறது. இரண்டும் எண்தானே, வகை கச்சிதமாகப் பொருந்துகிறது, எந்தக் கருவியும் வாய் திறக்காது. 1999-இல் நாசாவின் செவ்வாய்க் கலம் தொலைந்ததும் இதே குடும்பத்துப் பிழையால்தான்: ஒரு பக்கம் பவுண்டில் கணக்குக் கொடுத்தது, மறுபக்கம் அதை நியூட்டன் என்று வாங்கிக்கொண்டது. வித்தியாசம் ஏறத்தாழ 4.45 மடங்கு.

மருந்து உண்டு. மேசை எண்ணையும் கப் எண்ணிக்கையையும் வெவ்வேறு வகையாக அறிவித்துவிட்டால், இடம் மாறிய உடனே கருவி கத்தும். இதன்படி, மேசைகளுக்கு எண்ணை எடுத்துவிட்டு ஏ, பி என எழுத்து வைக்கலாம் என்று ஆய்வாளர் பரிந்துரைத்தார். அண்ணன் ஒரு நிமிடம் யோசித்தார்.

"மூனாவது மேசை சி. அவங்க தே கேட்டா, நான் உள்ள 'தே, சி, ரெண்டு'ன்னு சொல்லவா?"

ஓ வரை மேசை போட அந்தக் கடையில் இடமில்லை.