புதைக்கும் முன் ஒரு படம்

கேள்வி: பேரிடரில் இறந்தவர்களை உடனே புதைக்காவிட்டால் கொள்ளைநோய் வருமாமே? (கடலூர் வாசகர்)

பதில்: வராது. அடிபட்டும் மூழ்கியும் இறந்தவர்கள் அவர்கள்; தொற்றுநோயால் அல்ல. வாந்திபேதியைக் கொண்டுவருவது, உயிரோடிருப்பவர்களின் கழிவு கலந்த குடிநீர். குளோரினை அங்கே போடுங்கள்.

கேள்வி: உடல்கள் மேல் சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்களே?

பதில்: வீண். தூக்குகிறவருக்குக் கையுறை, பூட்ஸ், சோப்பு கொடுங்கள்.

கேள்வி: பிறகு ஏன் 2004 சுனாமியில் நாகையில் அத்தனை அவசரம்? (திருவாரூர் வாசகி)

பதில்: அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வெயில், நாற்றம், நோய் பயம். குளிர்பதனப் பெட்டிக்கு எங்கே போவது? அன்று உடல்களைத் தூக்கிய துப்புரவுப் பணியாளர்களையும் இளைஞர்களையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். குறை, அவர்கள் எல்லோரிடமும் கேமராவும் அடையாள எண்ணும் கொடுக்காத ஏற்பாட்டில். வேளாங்கண்ணியில் இறந்தவர்களில் பலர் வெளியூர் யாத்திரிகர்கள். யாரென்று சொல்ல உள்ளூரில் ஆளில்லை. அடையாளம் பதியாமல் புதைத்த ஒவ்வொரு உடலுக்கும் எங்கோ ஒரு வீடு வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறது. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத நம் சட்டம் பொதுவாக 7 ஆண்டு கேட்கிறது. அதுவரை மனைவிக்கு நிலமும் இல்லை, காப்பீடும் இல்லை.

கேள்வி: முகத்தைப் பார்த்தாலே தெரியாதா?

பதில்: நம் வெயிலில் ஓரிரு நாளில் முகம் மாறிவிடும். பெற்றவர்களே தவறாக அடையாளம் காட்டிவிடுவார்கள். அதே சுனாமியில் தாய்லாந்தில் 5,000க்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் வெளிநாட்டினர். அங்கே பெரிதும் கைகொடுத்தது பல் மருத்துவரின் பழைய பதிவுகள். பிறகு கைரேகை, டி.என்.ஏ.

கேள்வி: ஏழை ஊரில் இதெல்லாம் நடக்குமா? (வால்பாறை வாசகர்)

பதில்: நடக்கும். உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவையும் சேர்ந்து 2006இல் தந்த கையேடு கேட்பது இவ்வளவுதான்: உடலுக்கு ஒரு எண், தண்ணீரில் அழியாத சீட்டு, எண் தெரியும்படி முகம், உடை, தழும்பு, மச்சத்தின் படங்கள். தனித்தனிக் குழி, அதன்மேல் அதே எண். எரிக்கக் கூடாது; எரித்தால் சான்று போச்சு. 2024 ஜூலை வயநாடு நிலச்சரிவில் சாலியாற்று வெள்ளம் நிலம்பூர் வரை இழுத்துப்போனவற்றில் அடையாளம் தெரியாத உடல்களையும் உறுப்புகளையும் புத்துமலையில் எண்ணிட்டு, டி.என்.ஏ. எடுத்து, எல்லா மத வழிபாட்டோடும் அடக்கம் செய்தார்கள். அதுதான் முறை.

கேள்வி: நாங்கள் செய்ய வேண்டியது?

பதில்: கொலுசு, தாலி, சட்டைப்பையில் இருக்கும் காகிதம் எதையும் கழற்றாதீர்கள், அவை உடலோடு போகட்டும். எடுத்த படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பாமல் காவல்துறையிடம் கொடுங்கள். பெற்ற தாய் அதைக் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.