டுரியான் விழுந்தால் ஓய்வு

மலேசியாவில் 1971ஆம் ஆண்டே தொலைதூரக் கல்வியைத் தொடங்கி வைத்தது பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அதைப் பூரணமாக்கிய பெருமை பாலிக் புலாவ் தம்பி ஒருவரையே சேரும்.

படிப்பதற்கு முன் படிக்கும் திறன் வேண்டுமல்லவா? முதலில் கால அட்டவணை, ஏழு நிறத்தில். அடுத்து மேசை விளக்கு. பிறகு கவனச் சிதறலை வெல்வது பற்றிய காணொளிகள், விடிய விடிய.

இத்தாலிய மாணவர் ஒருவர் தக்காளி வடிவக் கடிகாரத்தை வைத்து 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று முறை வகுத்தார். தம்பி அதை ஊருக்கேற்பத் திருத்தினார்: தோட்டத்தில் டுரியான் விழுந்தால் ஓய்வு. ஜூன் மாதம் விளைச்சல் அமோகம்; ஓய்வும் அமோகம். விதி மீறல் ஒன்றுகூட இல்லை. ஒழுக்கம் என்றால் இதுவல்லவா!

இப்போது லக்சா கடையில் மூன்று பேருக்கு வெற்றியின் வழி சொல்லித் தருகிறார்.

"அண்ணே, நீங்க என்ன கோர்ஸ் படிக்கிறீங்க?"

"அவசரப்படாதேடா. அட்டவணைப்படி விண்ணப்பம் போடுறது அடுத்த வருஷம்தான்."

மூவரும் பயபக்தியோடு குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அடுத்த வகுப்புக்குக் கட்டணம் உண்டு.