70 வளைவுக்கு மேலே பெரு

நாமக்கல்லில் ஒரு ஓய்வுபெற்ற வங்கி மேலாளருக்குக் குஸ்கோ பைத்தியம் பிடித்துவிட்டது. பெரு நாட்டில், ஆண்டிஸ் மலையில், ஏறக்குறைய 11,000 அடி உயரத்தில் இருக்கும் பழைய ஊர் அது. இன்காக்களின் தலைநகரம். 1533-இல் பிசாரோவின் ஸ்பானியப் படை உள்ளே புகுந்தது. பிறகு இன்காக்கள் எழுப்பிய சுவர்களின் மேலேயே தேவாலயமும் மாளிகையும் கட்டிக்கொண்டது.

வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி வருவதற்குள் குஸ்கோ வந்துவிடும்.

"ஹதுன் ரூமியோக்குன்னு ஒரு தெரு. அங்க ஒரு கல்லுக்கு 12 மூலை. சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. இடுக்குல பிளேடுகூட நுழையாது!"

"அந்தக் கொத்தனார் நம்பர் கிடைக்குமாங்க? நம்ம பாத்ரூம் சுவத்துல பல்லி குடும்பம் நடத்துது" என்பார் மனைவி.

மேலாளர் அசரமாட்டார். 1950 நிலநடுக்கத்துக்குத் தாவிவிடுவார். குஸ்கோவில் சூரியன் கோயிலான கொரிகாஞ்சாவின்மேல் ஸ்பானியர்கள் சாந்தோ தோமிங்கோ மடத்தைக் கட்டியிருந்தார்கள். நிலநடுக்கத்தில் மடம் இடிந்தது. அடியில் இருந்த இன்காச் சுவர் அசையாமல் நின்றது. இதைச் சொல்லும்போது, சுவரைத் தானே நின்று கட்டியதுபோல் அவர் முகத்தில் ஒரு பெருமிதம்.

விமான டிக்கெட் விலையைப் பார்த்த அன்று பெருமிதம் இறங்கியது. மனைவி ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார்: "மலைமேல பழைய ஊருதானே வேணும்? கொல்லிமலைக்குப் போலாங்க."

குஸ்கோ போகிறவர்கள் பலருக்கு 'சொரோச்சே' என்ற உயர நோய் வரும். கோகா இலைத் தேநீர் குடித்துச் சமாளிப்பார்கள். கொல்லிமலை சுமார் 4,000 அடிதான். தொட்டபெட்டாவில் பாதிகூட இல்லை. ஆனால் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள் அந்தக் குறையை வைப்பதில்லை. முதல் சில வளைவுகளில் மேலாளர் இன்கா சாலைகளைப் பற்றி டிரைவருக்கு வகுப்பெடுத்தார். பாதி மலையில் வகுப்பு கலைந்தது. நகத்தால் கீறிய எலுமிச்சையை மூக்கில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கூப்பிட்டார்.

செம்மேட்டில், கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்ததும் தெம்பு திரும்பியது. இரண்டு மலை ராஜாக்களையும் ஒப்பிடத் தொடங்கினார். இன்கா அரசன் அதஹுவால்பா, தன் உயிருக்கு விலையாக ஓர் அறை நிறையத் தங்கம் கொடுத்தான். அதற்காகக் கொரிகாஞ்சாவின் பொன்தகடுகளையும் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஸ்பானியர்கள் வாங்கிக்கொண்டு அவனைக் கொன்றார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி பாணர்களுக்கு வாரிக் கொடுத்தான். அவனை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனிடம் ஒப்படைத்தான். "மலை ராஜாக்களுக்கு ராசியே இல்ல" என்று மேலாளர் முடித்தார். "கடன் கொடுத்த மேனேஜருக்கும்தான்" என்றார் மனைவி.

கொல்லிமலை 'நாடு' எனப்படும் 14 பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. அதில் அரியூர் நாட்டுக்கு வண்டி திரும்பியபோது, பாதையோரம் மரவள்ளித் தோட்டம் தொடர்ந்து வந்தது. கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் மேலாளர் பேச்சுக் கொடுத்தார்.

"ஐயா, இதெல்லாம் உங்க பரம்பரைப் பயிருங்களா?"

"தாத்தா காலத்துல சாமை, தினை, கேவுருங்க. இது சேகோ மில்லுக்குப் போற கிழங்கு. காசு இதுலதான வருது."

மேலாளர் தேடிய தென் அமெரிக்கா அவர் காலடி மண்ணில் கிடந்தது. மரவள்ளியின் தாயகம் அந்தக் கண்டம்தான். போர்ச்சுக்கீசியக் கப்பல்களில் கேரளக் கரைக்கு வந்தது. 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள், பஞ்சத்துக்கு உதவுமென்று அதைப் பரப்பினார். 1940-களில் சேலம் பக்கம் ஜவ்வரிசித் தொழில் கிளம்பியது, கிழங்கு மலையேறிவிட்டது. 70 வளைவும் அதற்கு மயக்கம் தரவில்லை.

சந்தையில் குவிந்திருந்த அன்னாசிக்கும் கொய்யாவுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டமே. மதியம் இலையில் உருளைக்கிழங்குப் பொரியல் விழுந்தது. அது சாட்சாத் ஆண்டிஸ்காரர். பின்னாலேயே தக்காளி ரசம். குஸ்கோ கதீட்ரலில் மார்கோஸ் சபாத்தா வரைந்த 'கடைசி இராவுணவு' ஓவியத்தில், இயேசுவின் முன் உள்ள தட்டில் ஆண்டிஸ் விருந்தான கினிப்பன்றி இருக்கும். வெளியூர்ச் சாமிக்கு உள்ளூர்ச் சாப்பாடு. இங்கே உள்ளூர்ச் சாமிக்கு வெளியூர்ச் சாப்பாடு. மேலாளர் இரண்டாம் முறை பொரியல் கேட்டார்.

பெரியவர் சொன்ன சாமை பின்வாங்கியதற்குக் காசு மட்டும் காரணமில்லை. அதன் உமி லேசில் கழலாது. உரலில் போட்டுக் குத்திக் குத்திப் புடைக்க வேண்டும். அவ்வளவும் பெண்கள் தலையில். 1990-களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கவனித்தது. பழைய விதைகளைக் காப்பதோடு, ஊருக்குள்ளேயே சிறிய அரவை இயந்திரங்களை வைத்து, மகளிர் குழுக்கள் மூலம் சிறுதானியத்தை விற்கவும் வழி செய்தது.

சென்னையில் மேலாளரின் மகள் சமையலறையில் ஆண்டிஸ் தானியமான கினோவா கண்ணாடிப் புட்டியில் கொலுவிருக்கிறது. 2013-ஐக் கினோவா ஆண்டாக அறிவித்த ஐ.நா., இந்தியா முன்மொழிந்தபடி 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. புட்டியில் இன்னும் கினோவாதான்.

சுவர் பார்க்க ஆசையென்றால் காசு சேர்த்துக் குஸ்கோவுக்கே போங்கள். அதற்கு மாற்று கிடையாது. அதுவரை கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அன்னாசி, மிளகோடு திரும்பிவிடாமல் சாமை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இரண்டு கிலோ வாங்கி வாருங்கள்.